சிறுநீரகம் போட்ட மொட்டைக் கடுதாசி

மோதி பாக் குவார்ட்டர்ஸில் பெரியப்பா குடியிருந்த நாட்களில், மே மாதம் பிறந்தால் மொட்டை மாடி பெரியம்மாவின் ஆட்சிக்குப் போய்விடும். பழைய வேட்டிகளை விரித்து ஜவ்வரிசி வடாம், ஓரத்தில் மோர்மிளகாய், சுவரோரம் நார்த்தங்காய் ஜாடி. மத்திய அரசு பிடித்தம் செய்யாமல் முழுசாகக் கொடுக்கிற ஒரே விஷயம் டில்லி வெயில்தான் என்பாள் பெரியம்மா. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மோதி பாக் பள்ளியில் லீவு விட்ட மறுநாளே நான் காக்காய் விரட்டும் பதவியில் அமர்வேன். சம்பளம், பாதி காய்ந்த வடாம்.

சாயங்காலம் பெரியப்பா ஆபீசிலிருந்து நேரே மாடிக்கு வருவார். ஒரு கையில் பாதி காய்ந்த வடாம், இன்னொரு கையில் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரியில் வாங்கிய பி.பி. மாத்திரை. இரண்டுக்கும் ஒரே டம்ளர் தண்ணீர்.

"அது ஏத்தும், இது இறக்கும். கணக்கு நேராயிடும்."

கணக்குத் துறையில் வேலை பார்த்தவரோடு கணக்கில் வாதாட முடியாது. ஒரே ஒரு மனக்குறைதான் அவருக்கு. "தலை சுத்தறதுன்னு போனேன். தலையை யாரும் பார்க்கலை. மூத்திரத்தைக் கொண்டாங்கறான். பி.பி.க்கும் கிட்னிக்கும் என்னடா சம்பந்தம்?"

அந்தச் சம்பந்தத்தைக் கண்டுபிடித்த கதை அவர் ஆபீஸ் ஃபைல்களைவிட மெதுவாக நகர்ந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

1836இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், கிட்னி கெட்டுச் செத்தவர்களின் இதயம் பருத்திருப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். பி.பி. பார்க்கும் கருவி அப்போது கிடையாது. அதனால் நோயாளிகள் நிம்மதியாக இருந்தார்கள், சாகும் வரை.

அடுத்து மேடைக்கு வருபவர் பிரௌன்-செக்கார். 1889இல், 72 வயதில், நாயின் விரையையும் கினிப்பன்றியின் விரையையும் அரைத்து வடிகட்டித் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிஞர் சபையைக் கூட்டி அறிவித்தார். மனிதர் சாதாரணப்பட்டவர் இல்லை, பெரிய நரம்பியல் மேதை. சிட்டுக்குருவி லேகியம் விற்பவர்கள் மேதையாகவும் இருந்துவிட்டால் நாடு என்ன ஆகும் என்பதற்கு அடுத்த பத்து வருட ஐரோப்பாவே சாட்சி. கையில் அகப்பட்ட உறுப்பையெல்லாம் ஆளாளுக்கு அரைத்தார்கள். அம்மியிலிருந்து தப்பித்த உறுப்பு ஏதாவது இருந்ததா தெரியவில்லை. அந்த வரிசையில்தான் கிட்னியின் முறை வந்தது.

1896 நவம்பர், ஸ்டாக்ஹோம், கரோலின்ஸ்கா நிறுவனம். நம்மூரில் கார்த்திகை அகல் வாங்கும் பருவம். அங்கே சாயங்காலம் ஆவதற்குள்ளேயே விளக்கேற்றும் இருட்டு, குளிர், வெளியே போக வழியில்லை. ஃபின்லாந்துக்காரரான ராபர்ட் டிகர்ஸ்டெட் என்ற பேராசிரியரும் பெர்க்மன் என்ற மாணவரும் ஒரு முயலின் கிட்னியை அரைத்து, சாற்றை இன்னொரு முயலின் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். இரண்டாவது முயலின் ரத்த அழுத்தம் விறுவிறுவென்று ஏறியது. கிட்னியின் வெளிப்பட்டையை அரைத்தால் ஏறியது, உட்பகுதியை அரைத்தால் ஏறவில்லை. சூடுபடுத்தினால் சாற்றின் வீரியம் போயிற்று. இரண்டு பேரும் அதற்கு 'ரெனின்' என்று பெயர் வைத்தார்கள். 1897இல் மாஸ்கோ மாநாட்டில் சொன்னார்கள். 1898இல் ஐம்பது பக்கத்துக்குச் சற்றுக் குறைவாக, ஜெர்மன் மொழியில் கட்டுரை.

பிறகு என்ன நடந்தது என்றால், ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்கள் அரைத்துப் பார்த்தபோது சிலருக்கு ஏறியது, சிலருக்கு ஏறவில்லை. பேராசிரியர் ஹெல்சின்கிக்கு மாற்றலாகிப் போனார். மாணவர் பிராக்டிஸ் பார்க்கப் போய்விட்டார். மாற்றல் ஆர்டர் வந்தால் ஃபைலின் கதி என்ன என்று மோதி பாக்கில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். டிகர்ஸ்டெட் 1923இல் இறந்தார். ரெனின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. மொத்தம் முப்பத்தாறு வருடம்.

1934இல் அலமாரியைத் திறந்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட். நோய்க்கூறு வல்லுநர், அதாவது செத்த பிறகு பார்க்கிற டாக்டர். பி.பி. முற்றிச் செத்தவர்களின் உடலில் கிட்னிக்குப் போகும் தமனி சுருங்கியிருப்பதை அடிக்கடி பார்த்தார். பி.பி.யினால் தமனி கெட்டது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. இவர் அதைத் தலைகீழாகப் போட்டார்: தமனி சுருங்கியதால் பி.பி. ஏறியிருந்தால்? நாய்களைப் பிடித்து, கிட்னித் தமனியில் சின்ன வெள்ளிக் கவ்வி ஒன்றை மாட்டி, திருகித் திருகி நெருக்கினார். ஒரு பக்கம் நெருக்கினால் பி.பி. ஏறி, கொஞ்ச நாளில் இறங்கியது. இரண்டு பக்கமும் நெருக்கினால் ஏறியது ஏறியதுதான்.

இதைப் பெரியப்பாவுக்கு விளக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். அவர் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் கடைமடை. மேட்டூரில் நூற்றிருபது அடி நிரம்பி வழியும். ஆனால் நடுவில் எவனோ மடையை அடைத்துவிட்டால் கடைமடைக்காரனுக்குத் தெரிவதெல்லாம் வெடித்த வயல்தான். உடனே மேலிடத்துக்கு மனு எழுதுவான்: நாடெங்கும் வறட்சி, அணையைத் திறந்துவிடுங்கள். கவ்வி மாட்டிய கிட்னியும் அதே ஆள்தான். உடம்பு முழுக்க ரத்தம் குமுறிக்கொண்டு ஓடுகிறது. தன் வாசலுக்கு வரவில்லை என்பதால் ஊரே வறண்டுவிட்டது என்று முடிவு கட்டி மொட்டைக் கடுதாசி போடுகிறது. கையெழுத்து இல்லாத அந்தக் கடுதாசிதான் ரெனின். மேலிடம் விசாரிக்காமல் நடவடிக்கை எடுத்துவிடுகிறது. (காவிரித் தீர்ப்பாயத்தை 1990இல் அமைத்து, இறுதித் தீர்ப்புச் சொல்ல 2007 வரை எடுத்துக்கொண்ட டில்லியில் உட்கார்ந்துகொண்டு உடம்பின் அவசரத்தைக் குறை சொல்லத் தோன்றவில்லை.)

வெள்ளிக் கவ்விக்கு அமெரிக்கா போக வேண்டாம், இயற்கையே மாட்டிவிடும். 1908இல் தகயாசு என்ற ஜப்பானியக் கண் டாக்டர் ஒரு பெண்ணின் கண்ணில் பார்த்த விசித்திரத்தின் பெயரால் ஒரு நோய் இருக்கிறது. பெரிய தமனிகளின் சுவர் வீங்கிக் குறுகும், கையில் நாடியே கிடைக்காது. அது கிட்னித் தமனியையும் நெருக்கினால் இருபது வயதுப் பெண்ணுக்கு அறுபது வயது பி.பி. வரும். இந்தியாவில் இளவயதில் இப்படி வரும் ரத்த அழுத்தத்துக்கு இந்த நோய் ஒரு முக்கியக் காரணம். டில்லி டாக்டர்கள் அந்தக் குறுகலுக்குள் பலூனை நுழைத்து ஊதி, மடையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இருபது வயதில் பி.பி. என்று யாராவது வந்தால் இரண்டு கையிலும் நாடி பார்ப்பது அதனால்தான்.

கோல்ட்பிளாட்டுக்குப் பிறகு எல்லோரும் மொட்டைக் கடுதாசியை வாங்கி நடவடிக்கை எடுப்பவனைத் தேடக் கிளம்பினார்கள். 1939, 40 வாக்கில் இரண்டு கோஷ்டி ஒரே சமயத்தில் ஒரே ஆளைப் பிடித்தது. புவெனஸ் அயர்ஸில் பிரௌன்-மெனெண்டஸ், லெலோயிர் முதலானவர்கள். அமெரிக்காவில் இண்டியானாபொலிஸில் இர்வின் பேஜ். இருவர் சொன்னதும் ஒன்றே: ரெனின் தானாக எதையும் செய்வதில்லை, ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தை வெட்டி வேறொன்றை உண்டாக்குகிறது, அமுக்குவது அதுதான். அர்ஜென்டினாக்காரர்கள் அதற்கு 'ஹைப்பர்டென்சின்' என்று பெயரிட்டார்கள், அமெரிக்கர்கள் 'ஆஞ்சியோடோனின்' என்றார்கள். ஏறத்தாழ இருபது வருடம் அவரவர் கட்டுரையில் அவரவர் பெயர். கடைசியில் நம்மூர் கூட்டணி போல உட்கார்ந்து பேசித் தொகுதிப் பங்கீடு செய்துகொண்டார்கள். முன்பாதி அமெரிக்காவுக்கு, பின்பாதி அர்ஜென்டினாவுக்கு. 1958இல் 'ஆஞ்சியோடென்சின்' என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வருடமே பிரௌன்-மெனெண்டஸ் விமான விபத்தில் போய்விட்டார். லெலோயிர் பாவம், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று சர்க்கரை வேதியியலுக்குப் போய் 1970இல் நோபல் வாங்கினார்.

நடுவில் 1956இல் லெனார்ட் ஸ்கெக்ஸ் என்பவர் குதிரை ரத்தத்தை வைத்துக்கொண்டு மிச்சக் குட்டையும் உடைத்தார். (மோதி பாக்கிலிருந்து ரிங் ரோட்டில் சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில் எய்ம்ஸ் பிறந்ததும் அதே வருடம்.) ஆஞ்சியோடென்சின் ஒன்று இல்லை, இரண்டு. கல்லீரல் எந்நேரமும் வெற்றுப் படிவம் அச்சடித்து ரத்தத்தில் மிதக்கவிடுகிறது. ரெனின் அதிலிருந்து பத்து அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு துண்டு கிழிக்கிறது. அந்தத் துண்டுக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. பிறகு 'ஏ.சி.இ.' என்ற நொதி கடைசி இரண்டு அமிலத்தைக் கத்தரித்ததும், மிச்சமுள்ள எட்டு அமிலத்துண்டு ஊரை ஆட்டி வைக்கிறது. சர்க்கார் ஆபீசில் ஒவ்வொரு கையெழுத்தாகச் சேரச் சேர அதிகாரம் வரும். உடம்பில் இரண்டு எழுத்து போனால் அதிகாரம் வந்துவிடுகிறது. அந்தக் கத்தரிக்கோல் நுரையீரலில்தான் மும்முரமாக வேலை செய்கிறது என்பது 1967இல் தெரிந்தது. ஃபைல் ஏன் நுரையீரலுக்குப் போகிறது என்று கேட்கக்கூடாது. எல்லா ரத்தமும் அந்த வழியாகத்தானே போயாக வேண்டும், ரிங் ரோடு மாதிரி.

எட்டு அமிலத்துண்டு செய்கிற காரியங்கள்: ரத்தக்குழாய்களை இறுக்கும். அட்ரினல் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டிரோனைக் கிளப்பும், அது சிறுநீரில் போகவிருந்த உப்பைத் திரும்பப் பிடித்துப் போடும். போதாததற்குத் தாகத்தையும் உண்டாக்கும்.

உப்பின் மேல் உடம்புக்கு ஏன் இந்த வெறி? இந்த ஏற்பாடு உருவான யுகத்தில் உப்பு சுலபமாகக் கிடைக்காது. அமேசான் காட்டில் யானோமாமி மக்களைப் பரிசோதித்தபோது, உப்பே சேர்க்காத அவர்கள் உடம்பில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் உச்சத்தில் இருந்தன, பி.பி.யோ வயதானாலும் ஏறவே இல்லை. முழு நேரமும் வேலை பார்த்து நியாயமாகச் சம்பளம் வாங்கும் இலாகா அது. உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு ஐந்து கிராமுக்குள் போதும் என்கிற உப்பை நார்த்தங்காயிலேயே முடித்துக்கொண்டு சாம்பாருக்குத் தனியாகப் போடுகிறவர் உடம்பில் அந்த இலாகாவுக்கு வேலையே கிடையாது. பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே? பலருக்குப் போகும். சிலருக்குப் போகாது. பஞ்ச காலத்தில் திறந்த ரேஷன் ஆபீஸ், பஞ்சம் முடிந்து முப்பது வருடமாகியும் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்ததில்லையா?

இவ்வளவும் தெரிந்து நோயாளிக்கு என்ன பிரயோஜனம் என்றால், அப்போதைக்கு ஒன்றும் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தலைவலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தபோது அவர் பி.பி. 300ஐத் தொட்டிருந்தது. உலகின் மிகப் பலம் வாய்ந்த மனிதருக்கு டாக்டர்களால் தர முடிந்தது உப்புக் குறைப்பும் ஓய்வும் இதயத்துக்கு டிஜிட்டாலிசும்தான். அதே காலத்தில் வட கரோலினாவில் கெம்ப்னர் என்ற ஜெர்மன் அகதி டாக்டர், பி.பி.க்காரர்களுக்கு வெறும் சாதமும் பழமும் சர்க்கரையும் மட்டும் போட்டார். உப்பு கிடையாது. பலருக்கு பி.பி. இறங்கியது. இதைச் சொன்னபோது பெரியப்பா யோசித்துவிட்டுக் கேட்டார்: "குழம்பு?"

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. மோதி பாக்கிலிருந்து கரோல் பாக் போனால், மாமிகள் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசிய தெருக்களுக்குப் பக்கத்திலேயே ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரி இருக்கிறது. 1921இல் காந்தி திறந்து வைத்தது. அங்கே சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து பல வேதிப்பொருள்களைப் பிரித்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். அதே வருடம் கல்கத்தாவில் சென்னும் போசும் அந்த வேர் பைத்தியத்தையும் தணிக்கிறது, பி.பி.யையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வகீல் அதை பிரிட்டிஷ் இதய இதழில் எழுதிய பிறகுதான் வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தார்கள்.

பெரியப்பா ஆரம்பத்தில் சாப்பிட்டது அந்த ஜாதி மாத்திரைதான். கிட்னியின் கடுதாசியை அது பிரித்துப் படிக்காது. நரம்பின் முனையிலுள்ள சரக்கைக் காலி செய்து ஆளையே மந்தமாக்கிவிடும். பெரியப்பாவுக்குப் பகலெல்லாம் தூக்கம் வந்தது. ஆபீசில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நம் வேருக்குப் பெயரில் மட்டும்தான் பாம்பு. பிரேசில் பாம்பு நிஜப் பாம்பு, ஜராராக்கா. அதன் விஷம் ஏறினால் ரத்தத்தில் 'பிராடிகைனின்' என்ற பொருள் வெளிப்பட்டுக் குழாய்கள் தளர்ந்துவிடும் என்பதை 1949இல் ரோச்சா இ சில்வாவும் சகாக்களும் எழுதினார்கள். அவரிடம் படித்த செர்ஜியோ ஃபெரெய்ரா, அந்த பிராடிகைனினுக்கு வீரியம் ஏற்றும் இன்னொரு பொருளும் விஷத்திலேயே இருப்பதை 1965இல் கண்டுபிடித்து, சரக்கோடு லண்டனில் ஜான் வேன் ஆய்வகத்துக்குப் போனார். வேனுக்கு மூக்கு வியர்த்தது. இதை ஏ.சி.இ. மேல் போட்டுப் பாரேன் என்றார். ஃபெரெய்ராவுக்கு மனம் பிராடிகைனினில். இன்னொருவன் வீட்டு நொதி எனக்கெதற்கு என்கிற மாதிரி நழுவினார். வேலை பக்லே என்பவர் கையில் விழுந்தது. பெயரிலேயே மராத்தி வாசனை. 1968இல் அவர் நாயின் நுரையீரலில் சோதித்துப் பார்த்தார். கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

இனி மருந்து செய்ய வேண்டியதுதான் பாக்கி. வேன் ஆலோசகராக இருந்த ஸ்குவிப் கம்பெனியில் டேவிட் குஷ்மனும் மிகெல் ஒண்டெட்டியும் விஷத்திலிருந்து டெப்ரோடைட் செய்தார்கள். வேலை செய்தது, ஆனால் ஊசியாக மட்டும்தான். தினம் ஊசி குத்திக்கொள்ள எவன் வருவான்? ஆயிரக்கணக்கில் சேர்மங்களைப் போட்டுப் பார்த்தும் சரிப்படவில்லை. 1974இல், சொந்தக்கார நொதி ஒன்றைத் தடுக்கும் பொருள் பற்றி வேறு இருவர் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. ஏ.சி.இ.யின் நடுவில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கிறது, அதைக் கவ்வினால் போதும் என்று காகிதத்தில் படம் போட்டே வடிவமைத்து, 1975இல் காப்டோபிரில் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி. கந்தகம் சேர்ந்த மாத்திரை. ஆரம்பத்தில் அளவு தெரியாமல் அள்ளிக் கொடுத்ததில் சிலருக்குத் தடிப்பு வந்தது, சிலருக்கு நாக்கில் ருசியே போயிற்று. பி.பி.க்காரனை உப்பில்லாமல் சாப்பிட வைக்க இதைவிட நேர்வழி இல்லைதான், ஆனால் அதைச் சாதனையாக யாரும் அறிவிக்கவில்லை.

ஒண்டெட்டி பிறந்தது புவெனஸ் அயர்ஸ். பெயர் வைத்ததும் அர்ஜென்டினா, வாயைக் கட்டியதும் அர்ஜென்டினா. 1999இல் லாஸ்கர் பரிசு குஷ்மனுக்கும் ஒண்டெட்டிக்கும் போயிற்று. வேன் அதற்கு முன்பே 1982இல் ஆஸ்பிரின் சங்கதிக்காக நோபலில் பங்கு வாங்கிவிட்டார். பாம்பைச் சுமந்து போன ஃபெரெய்ராவுக்குப் பழம் கிடைக்கவில்லை. ஆர்.கே. புரம் மலை மந்திரில் நிற்கிற சாமிக்கு அந்த மனநிலை புரியும்.

1987இல் ஃபைல் பழைய செக்ஷனுக்கே திரும்பி வந்தது. காப்டோபிரிலின் தம்பி எனலாபிரிலை ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்தில் இதயம் தளர்ந்து படுத்த 253 பேரிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 44 பேர் போனார்கள், நிஜ மாத்திரையில் 26 பேர். டிகர்ஸ்டெட் முயலை அரைத்த நாடும், அவர் மாற்றலாகிப் போன நாடும்.

பெரியப்பாவுக்கு எனலாபிரில் வந்தது சர்வீசின் கடைசி வருடத்தில். பி.பி. கட்டுக்குள் வந்தது. கூடவே வறட்டு இருமல். கத்தரிக்கோல் ஆஞ்சியோடென்சினை மட்டுமா வெட்டுகிறது? பிராடிகைனினை ஒழிப்பதும் அதே கத்தரிக்கோல்தான். அதைக் கட்டிப்போட்டால் பிராடிகைனின் தேங்கித் தொண்டையைச் சொறியும். எல்லோருக்கும் வராது, பெரியப்பாவுக்கு வந்தது. மீட்டிங்கில் யாராவது பில் கணக்கு வாசிக்கும்போதெல்லாம் அவர் இருமினார். ஏதோ சூசகமாகச் சொல்கிறார் என்று வாசித்தவர் பயந்து தொகையைக் குறைத்தார். மூன்று மாதம் ஒரு டாக்டர் இருமலுக்கு சிரப் கொடுத்தார், இன்னொருவர் எக்ஸ்ரே எடுத்தார். மாத்திரையை யாரும் சந்தேகிக்கவில்லை. 1995க்குப் பிறகு லோசார்டன் வகையறா வந்தது. கத்தரிக்கோலைத் தொடாமல், எட்டு அமிலத்துண்டு போய் உட்காரும் நாற்காலியில் முன்கூட்டியே துண்டு போட்டுவைக்கும் மருந்து. இருமல் போயிற்று. ஆபீஸில் மட்டும் இருந்திருந்தால் செலவு ஏறியிருக்கும், ஆனால் அதற்குள் ரிடையராகிவிட்டார்.

2020இல் ஏ.சி.இ.யின் பங்காளி ஏ.சி.இ.2 செய்தித்தாளுக்கு வந்தது. அண்ணன் உண்டாக்கும் எட்டு அமிலத்துண்டை வெட்டி அடக்கும் சாது அது. கொரோனா வைரஸ் அந்தச் சாதுவின் வீட்டுக் கதவு வழியாகத்தான் உயிரணுவுக்குள் நுழைந்தது. உடனே, பி.பி. மாத்திரை சாப்பிட்டால் கதவு பெரிதாகும் என்று வாட்ஸ்அப் பறந்தது. இதய மருத்துவச் சங்கங்கள் நிறுத்தாதீர்கள் என்றன. நிறுத்தியவர், நிறுத்தாதவர் என்று பிரித்துப் பார்த்ததில் வித்தியாசமில்லை என்று முதலில் காட்டிய சோதனைகளில் ஒன்று பிரேசிலில் நடந்தது. பெரியப்பா எனக்கு போன் பண்ணினார்.

"நிறுத்தட்டுமா?"

"வேண்டாம் பெரியப்பா."

"எதை? மாத்திரையையா, வடாமையா?"

மோதி பாக்கில் அவர்களுடைய கடைசி மே மாதத்துக்கு நானும் போயிருந்தேன். ரிடையரானால் குவார்ட்டர்ஸ் காலி செய்ய வேண்டும். அந்தப் பழைய வீடுகளில் பாதிக்கு இப்போது அடையாளமே இல்லை, செயலர்களும் நீதிபதிகளும் குடியிருக்கும் நியூ மோதி பாக் எழுந்துவிட்டது. அந்த முறை டாக்டர் எனலாபிரிலோடு ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார். உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தைத் தேக்கும், அதனால் உப்புக்கு மாற்றான பொட்டாசியம் உப்பும் வேண்டாம், இளநீரிலும் நிதானம். உப்பும் கூடாது, உப்புக்கு மாற்றும் கூடாது என்றால் ஆர்டரில் என்னதான் மிச்சம் என்று பெரியப்பா கேட்டார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. மாவில் உப்பே போடாமல் வடாம் பிழிந்து மாடியில் விரித்தாள். வழக்கம்போல நான் குச்சியோடு உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு காக்காய் வந்தது, ஒன்றைக் கொத்திப் பார்த்தது, போய்விட்டது. மறுநாளிலிருந்து நான் மாடிக்குப் போகவில்லை, தேவைப்படவில்லை.